டைட் மில்ஸ், சசெக்ஸ்: ஆலை நின்றது 1883, ஊர் காலியானது 1939. நடுவில் என்ன நடந்தது?

மதகடி (கேள்வி)

இங்கிலாந்தின் தென்கரையில் நியூஹேவனுக்கும் சீஃபோர்டுக்கும் நடுவே, பிஷப்ஸ்டோன் கடலோரத்தில் ஓர் இடிந்த ஊர் இருக்கிறது. பெயர் டைட் மில்ஸ். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது கடல்நீரைக் குளத்தில் பிடித்து, இறங்கியபின் மதகைத் திறந்து சக்கரம் சுற்றி, அந்தச் சக்கரத்தால் கோதுமை அரைத்த இடம். ஆலைக்கு 1761-இல் நாடாளுமன்றச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள் வந்து, அதுவே ஊராகிவிட்டது. 1883-இல் அரைப்பது நின்றது, 1901-இல் ஆலைக் கட்டடத்தை இறக்கினார்கள், 1936-இல் வீடுகள் குடியிருக்கத் தகுதியற்றவை என்று அறிவிப்பு வந்தது, 1939-இல் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றினார்கள்.

இதுவரை குழப்பமில்லை. காரணத்தைத் தேடும்போதுதான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புயல் அடித்து ஆலை போனது என்கிறார் ஒருவர், ரயில் வந்ததால் போனது என்கிறார் இன்னொருவர், போர்தான் ஊரைக் காலி செய்தது என்கிறார் மூன்றாமவர். எனக்குத் தெரிய வேண்டியவை:

ஒன்று, தொடக்கத்தில் 5 ஜோடி அரைகல், பிற்பாடு 16 ஜோடி என்று படித்தேன். ஆறு கிடையாது, அருவி கிடையாது, வெறும் கடல் ஏற்ற இறக்கத்தில் 16 ஜோடி கல் ஓடுமா? வாரம் 1,500 மூட்டை மாவு என்றும் ஓர் எண் இணையத்தில் சுற்றுகிறது. அது நம்பும்படி இருக்கிறதா?

இரண்டு, ஆலை நின்ற உண்மைக் காரணம் எது?

மூன்று, இப்போது அங்கே கிடக்கும் இடிபாட்டில் எது ஆலைக்காலம், எது பிற்காலம் என்று பார்த்த கண்ணுக்குப் பிரிப்பது எப்படி? படங்களில் எல்லாமே ஒரே கல்குவியலாகத் தெரிகிறது.


ஓதநீர்

முதல் கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன். ஓடும். ஆனால் குளம் பெரிதாக வேண்டும்.

நியூஹேவனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் கடல்மட்டம் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்கும். அட்டமியை ஒட்டிய சிறிய ஓதத்தில் 3 மீட்டர்தான். ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம். ஆக ஒரு நாளில் இரண்டு முறை குளம் நிரம்பும், இரண்டு முறை அரைக்கலாம்.

வேலை நடப்பது இப்படி. குளத்துக்கும் கடலோடைக்கும் நடுவே கரை. கரையில் இரண்டு வகை வாய்கள். ஒன்று நீர் உள்ளே வரும் வாய்: அதன் கதவு உட்பக்கமாக மட்டும் திறக்கும். ஓதம் ஏறும்போது நீர் தானே தள்ளித் திறந்துகொள்ளும், வெளியே மட்டம் இறங்கத் தொடங்கியதும் குளத்து நீரின் அழுத்தமே அதைச் சாத்திவிடும். ஆள் வேண்டாம். மற்றது சக்கரத்துக்குப் போகும் மதகு, நம் ஏரி மதகு மாதிரி பலகையைத் தூக்கி இறக்குவது. இதைத் திறக்க ஆள் வேண்டும், அளவும் தெரிய வேண்டும்.

உச்ச ஓதம் முடிந்ததும் அரைக்க முடியாது. அப்போது சக்கரத்தின் அடிப்பாதி கடல்நீரில் மூழ்கிக் கிடக்கும். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் ஒரே மட்டம், நீர் ஏன் ஓடப்போகிறது? வெளிமட்டம் இறங்கிச் சக்கரத்தின் அடியை விட்டு விலக இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அப்புறம் மதகைத் தூக்கினால் அடுத்த ஓதம் வந்து சக்கரத்தை மறுபடி மூழ்கடிக்கும்வரை 5 மணி நேரம், குளமும் சக்கரமும் அமைந்த விதம் நன்றாக இருந்தால் 6 மணி நேரம் அரைக்கலாம்.

இனி கணக்கு. ஒரு ஹெக்டேர் குளம், அதில் மேல் ஒன்றரை மீட்டர் நீரை மட்டும் பயன்படுத்துகிறோம் என்று வையுங்கள். 15,000 கன மீட்டர். சராசரி வீழ்ச்சி 2 மீட்டர். நீரில் இருக்கும் ஆற்றல் சுமார் 80 யூனிட் (கிலோவாட்-மணி). சக்கரமும் பல்சக்கரங்களும் பாதியைத் தின்றுவிடும் என்றால் கல்லுக்கு 40 யூனிட். 5 மணி நேரத்தில் பிரித்தால் 8 கிலோவாட். நாலடிக் கல் ஒரு ஜோடிக்குச் சுமார் 4 கிலோவாட் கேட்கும். எனவே ஹெக்டேருக்கு இரண்டு ஜோடி. 16 ஜோடியும் ஒரே நேரத்தில் ஓட 8 ஹெக்டேர், அதாவது 20 ஏக்கர் குளம். கழிமுகத்தில் அது ஒன்றும் நடக்காத அளவு இல்லை. மேலும் 16-உம் ஒரே நேரத்தில் ஓடவே ஓடாது, இரண்டு மூன்று எப்போதும் தேய்ந்த முகத்தைக் கொத்தக் கழற்றியிருக்கும்.

பாதி தேறும் என்று சொன்னதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. சக்கரத்தின் அடியில் நீர் மோதி ஓடும் பழைய வகைச் சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. ஜான் ஸ்மீட்டன் 1759-இல் மாதிரிச் சக்கரங்கள் வைத்து அளந்து ராயல் சொசைட்டியில் இதைக் காட்டிவிட்டார்: மேலிருந்து நீர் விழும் சக்கரத்தில் கிடைப்பது சுமார் இரண்டு மடங்கு. ஓத ஆலையில் மேலிருந்து கொட்ட வழியில்லை. எனவே சக்கரத்தின் இடுப்பளவில் நீரை விட்டு, பின்பக்கம் வளைந்த தொட்டிச் சுவரால் அணைத்து இறக்குவார்கள். சக்கரத்துக்கும் அந்தச் சுவருக்கும் இடையே விரலளவுக்கு மேல் இடைவெளி விட்டால் நீர் வீணாக ஒழுகிவிடும்.


கல்கொத்தி

ஓதநீர் அண்ணன் நீரைச் சொல்லிவிட்டார், நான் கல்லைச் சொல்கிறேன். 1,500 மூட்டைக் கணக்கும் இங்கேதான் தீரும்.

இங்கிலாந்தில் வெள்ளை மாவுக்குப் பயன்பட்டது பிரான்ஸ் கல். பாரிசுக்குக் கிழக்கே லா ஃபெர்தே-சூ-ழுவார் பகுதியில் வெட்டியது. ஒரே பாறையில் வட்டமாகச் செதுக்கிய கல் இல்லை இது. துண்டு துண்டாக எடுத்து, விளிம்பை இழைத்துப் பொருத்தி, ஜிப்சம் சாந்தில் ஒட்டி, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிற மாதிரி இரும்புப் பட்டையைச் சூடாக்கி இறுக்கியது. மாட்டுத் தீவனத்துக்கு டெர்பிஷயர் மணற்கல் போதும், ஆனால் அதில் மனிதருக்கு அரைத்தால் மாவு சாம்பல் பூத்து வரும்.

நாலடி விட்டம், மேல்கல் எடை ஒரு டன்னை ஒட்டி, நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று. தண்ணீர்ச் சக்கரம் 8 சுற்றுதான் சுற்றும். இரண்டு படிகளில் வேகம் ஏற்றுவார்கள், முதலில் மூன்று மடங்கு, பிறகு ஐந்து மடங்கு. பெரிய இரும்புச் சக்கரத்தில் ஆப்பிள் மரம் அல்லது ஹார்ன்பீம் மரப் பற்களைச் செருகியிருப்பார்கள். இரும்போடு இரும்பு உரசினால் சத்தமும் உண்டு, பொறியும் உண்டு. மாவுத் தூசி மிதக்கும் கட்டடத்தில் பொறி கூடாது. ஏதாவது சிக்கினால் ஒரு மரப்பல் உடையும், அதை மாற்றிவிடலாம். இரும்புப் பல் உடைந்தால் சக்கரமே போச்சு.

கொத்துவது நம் அம்மி கொத்துவதற்கு உறவுதான், ஆனால் துல்லியம் வேறு ரகம். கல்முகத்தைப் பெரும்பாலும் பத்துப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நாலு வாய்க்கால் போடுவார்கள். வாய்க்காலின் ஒரு கரை செங்குத்து, மறுகரை சரிவு. வாய்க்காலுக்கு இடையே இருக்கும் மேட்டில் மயிரிழைக் கோடுகள், நல்ல கையென்றால் ஓர் அங்குலத்தில் 16 கோடு. கல் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மரச்சட்டத்தில் காவி பூசிக் கல்மேல் இழுப்பார்கள். மேடான இடத்தில் காவி ஒட்டும், அந்த இடத்தை மட்டும் கொத்துவது. ஆள் முழங்கைக்குக் கீழே தவிடு அடைத்த சின்ன மெத்தையை வைத்துச் சாய்ந்துகொண்டு கொத்துவார். இடைவிடாமல் ஓடினால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்த வேலை.

மேல்கல் கீழ்க்கல்லைத் தொடவே கூடாது. கல்லின் நடுத்துளையான கண்ணருகில் பழுப்புத் தாள் தடிமன் இடைவெளி, விளிம்புக்கு வரும்போது மெல்லிய தாள் அளவு. தானியம் தீர்ந்துவிட்டால் கல்லும் கல்லும் உரசிப் பொறி பறக்கும். அதற்காகத் தானியத் தொட்டிக்குள் ஒரு வார் கட்டி, வெளியே மணியோடு இணைத்திருப்பார்கள். மேலே தானியம் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மணி சும்மா இருக்கும், தானியம் குறைந்து வார் தளர்ந்ததும் அடிக்கும்.

ஓத ஆலைக்கே உரிய தொல்லை ஒன்று: அரைக்க அரைக்கக் குளமட்டம் இறங்கும், விசை குறையும், கல்லின் வேகம் குறையும். தொடக்கத்தில் சரியாக வைத்த இடைவெளி மூன்றாவது மணி நேரத்தில் பொருந்தாது. மதகைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் தூக்கிக்கொண்டே வரவேண்டும், மேல்கல்லைத் திருகாணியால் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். கவனிக்காமல் விட்டால் முதல் பாதி மாவு சூடேறி மணம் மாறியிருக்கும், பின் பாதி குருணையாக இருக்கும்.

இனி 1,500 மூட்டை. ஆங்கில மாவு மூட்டை 280 பவுண்டு, 127 கிலோ. 1,500 மூட்டை என்றால் 190 டன் மாவு. நூறு கிலோ கோதுமையில் 72, 73 கிலோ வெள்ளை மாவு தேறும் என்றால் வாரத்துக்கு 260 டன் கோதுமை அரைபட வேண்டும். 16 ஜோடிக்குப் பகிர்ந்தால் ஜோடிக்கு 16 டன்னுக்குச் சற்று மேல். ஒரு நாலடிக் கல் மணிக்கு 140 கிலோ அரைக்கும். ஆக வாரம் 116 மணி நேரம். ஒரு வாரத்தில் இருப்பதே 168 மணி. ஓதத்துக்கு 5 மணி, நாளுக்கு 10 மணி என்றால் ஞாயிறைச் சேர்த்தே 70 மணிதான் வரும். கல் கொத்தும் நாட்களை இன்னும் கழிக்கவில்லை. எனவே அந்த எண் வழக்கமான வார உற்பத்தியாக இருக்க முடியாது என்பது என் கணிப்பு. ஏற்றத்தில் ஒரு குளம், இறக்கத்தில் ஒரு குளம் என்று பல குளம் வைத்து நேரத்தை நீட்டி, நல்ல பெரிய ஓத வாரத்தில் எட்டிய உச்சமாக இருந்தால் சரி. சராசரி 800, 900 என்றால் கணக்கோடு ஒட்டுகிறது.


மதகடி

நன்றி கல்கொத்தி சார், இந்த எண்ணை இனி அப்படியே எடுத்துப் போடமாட்டேன். ஓதநீர் அண்ணா, பெரிய ஓதம் நல்லது என்கிறீர்கள். ஆனால் ஓதம் தினம் தள்ளித் தள்ளி வருமே, ஆட்கள் எந்த நேரத்தில் வேலை செய்தார்கள்?


ஓதநீர்

தினம் சுமார் 50 நிமிடம் தள்ளும். ஆனால் இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு கரையில் பெரிய ஓதத்தின் உச்சம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மணிக்குத்தான் வரும். நியூஹேவன் பக்கம் அது நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும். இரண்டரை, மூன்று மணி நேரம் காத்திருந்து மதகைத் திறந்தால்? பிற்பகல் மூன்று மணியை ஒட்டி ஒரு வேலை, அதிகாலை மூன்று மணியை ஒட்டி ஒரு வேலை. ஆக நிறைய நீரும் நிறைய வீழ்ச்சியும் கிடைக்கிற நாட்களில்தான் ஆள் பின்னிரவில் எழுந்து வரவேண்டும். சிறிய ஓதத்தில் உச்சம் காலை மாலை ஐந்து, ஆறு மணிக்கு. வேலை காலை எட்டரைக்கும் இரவு எட்டரைக்கும் தொடங்கும், நேரம் வசதி, நீர் பற்றாது.

ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டியதன் காரணமும் இதுதான். அதிகாலை மூன்று மணிக்குச் சேற்று வழியில் பிஷப்ஸ்டோனிலிருந்து நடந்து வா என்று யாரையும் சொல்ல முடியாது. காற்றாலைக்கு ஒரு ஆள், ஒரு பையன் போதும். ஆற்று ஆலைக்கு ஒரு குடும்பம். 16 கல் வைத்த ஓத ஆலை என்றால் ஊரே வேண்டியிருக்கிறது.


பழைய வரைபடம்

இரண்டாவது கேள்வி. இதற்கு ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊஸ் ஆறு முன்பு இன்றைய நியூஹேவனில் கடலில் விழவில்லை. அந்தக் கரையில் அலை கூழாங்கல்லை மேற்கிலிருந்து கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். அது ஒரு நீண்ட கல்திட்டாகி, ஆற்றின் வாயைக் கிழக்கே சீஃபோர்டு வரை இழுத்துவிட்டது. இடைக்காலத்தில் துறைமுகம் சீஃபோர்டுதான். வாய் அடைபட்டு மேலே வயல்கள் மூழ்கியதும், 16-ஆம் நூற்றாண்டில் மீச்சிங் என்ற சிற்றூருக்குக் கீழே திட்டை வெட்டி ஆற்றை நேராகக் கடலில் விட்டார்கள். மீச்சிங்கின் பெயர் புதுத்துறை என்ற பொருளில் நியூஹேவன் ஆனது. சீஃபோர்டு பக்கம் போன பழைய ஆற்றுப்படுகை கல்திட்டுக்குப் பின்னால் நீளமான கடலோடையாக எஞ்சியது. அதுதான் மில் கிரீக். ஓதம் அதில் துறைமுகம் வழியாக ஏறி இறங்கும். கிட்டத்தட்டத் தயாரான குளம். கரை போட்டால் போதும்.

நிலத்துக்காரர் நியூகாசில் பிரபு தாமஸ் பெல்ஹாம்-ஹோல்ஸ். சட்டம் வந்த 1761-இல் நாட்டின் பிரதமரும் அவரே. ஓடையை அடைக்க நாடாளுமன்ற அனுமதி எவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிதாக்கியவர் வில்லியம் கேட். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க அவர் காலம்தான், 1853-இல் இறந்தார். அவர் இருந்தவரை ஆலையும் வீடும் வேலியும் ஒழுங்கும் ஒரே கையில். அவருக்குப் பின் முப்பதே ஆண்டில் ஆலை நின்றது என்பதைக் கவனியுங்கள்.

நின்றதற்குக் காரணம் ஒன்றைச் சொல் என்றால் உருளை ஆலை என்பேன். 1846-இல் தானியச் சட்டங்கள் (வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டவை) நீங்கின. 1870-களில் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கத் தொடங்கியது. அது கடினக் கோதுமை. கல்லில் அரைத்தால் தவிடும் நொறுங்கி மாவில் கலந்துவிடும், சலித்துப் பிரிக்க முடியாது. எஃகு உருளைகள் தானியத்தை ஒரே அடியில் நசுக்காமல் படிப்படியாக உரித்து, ஒவ்வொரு படியிலும் சலிக்கும். மாவு வெளுப்பு, நாள்பட நிற்கும். புடாபெஸ்ட் இதில் முன்னால் போனது. இங்கிலாந்தில் ஹென்றி சைமன் 1878-இல் மான்செஸ்டரில் உருளை ஆலை போட்டார். ஐந்தே வருடத்தில் டைட் மில்ஸ் மூடியது. புது ஆலைகள் எல்லாம் லிவர்பூல், லண்டன் என்று பெரிய கப்பல் நேராக வந்து நிற்கும் இடங்களில் எழுந்தன. டைட் மில்ஸ் கடலோரத்தில் இருந்தும் கப்பல் வர முடியாத இடம், ஓடையில் படகுதான் போகும்.

ரயில் 1864-இல் சீஃபோர்டுக்குப் போனது, ஊரை ஒட்டியே. அது ஆலையைக் கொன்றது என்பது பாதி உண்மை. மூட்டையை ஏற்றிப் போக ரயில் உதவியது. அதே ரயில் அடுத்த ஊர் மலிவு மாவை உள்ளூர் ரொட்டிக் கடைக்குக் கொண்டுவந்தும் கொடுத்தது.


நெய்தல்கரை

பழைய வரைபடம் ஐயா சொன்னதில் ஒரு திருத்தம், அல்லது சேர்க்கை. புயலை இவ்வளவு எளிதாக ஒதுக்க வேண்டாம். 1870-களின் நடுவில் அந்தக் கரையைப் பெருங்கடல் ஏறி அடித்தது, 1875 நவம்பரில் சீஃபோர்டு நகரமே வெள்ளத்தில் நின்றது. ஓத ஆலைக்குப் புயலால் வரும் சேதம் மற்ற ஆலையைப் போன்றது இல்லை. காற்றாலையில் இறக்கை உடைந்தால் இறக்கையை மாற்றலாம். இங்கே கரை உடைந்தால் குளமே இல்லை. கூழாங்கல் ஓடைக்குள் விழுந்தால் கொள்ளளவு குறையும். குளத்தின் மேல் ஒன்றரை மீட்டரில்தான் காசு இருக்கிறது என்பதை ஓதநீர் கணக்கிலேயே பார்க்கலாம்.

புயல் இல்லாவிட்டாலும் சேறு விடாது. ஓதநீர் கலங்கலாக உள்ளே வரும், குளத்தில் அசையாமல் நிற்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் சேறு அடியில் தங்கும், வெளியே போகும் நீர் தெளிவாகப் போகும். ஒவ்வொரு ஓதமும் ஒரு மெல்லிய படலம். இதைத் தள்ள ஒரே வழி, பெரிய ஓதத்தில் குளத்தை நிறைத்து, கடல் முழுக்க வற்றிய நேரத்தில் எல்லா மதகையும் ஒருசேரத் திறந்து வாரிவிடுவது. அன்றைக்கு அரைப்பு இல்லை. வியாபாரம் இறுகும் காலத்தில் முதலாளி அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க மாட்டார், குளம் ஆண்டுக்காண்டு மேடேறும். உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு வேறு. கதவின் வெளிப்பக்கம் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே தேன்கூடாகிக் கிடக்கும். உள்வாய்க் கதவில் ஒரு கட்டையோ பாசியோ சிக்கிச் சரியாகச் சாத்தாமல் போனால், காத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் குளம் பாதி வடிந்து அந்த ஓதமே வீண்.

ஆக, உருளை ஆலை விலையை அடித்தது. அந்த விலையில் கரையும் கதவும் சேறும் பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை. புயல் அந்த முடிவைச் சீக்கிரமாக்கியது. நியூஹேவன் துறைமுகத்தை 1880-களில் பெரிய அலைதடுப்புச் சுவரோடு விரித்தபோது, அந்த ஓடையை நம்பிப் பணம் போட யாருக்கும் மனம் வந்திருக்காது.


பழைய வரைபடம்

சேர்க்கையை ஏற்றுக்கொள்கிறேன். கட்டுப்படியாகாத பராமரிப்பு என்பதுதான் சரியான சொல்.

மதகடி கேட்ட 56 வருடத்துக்கு வருகிறேன். ஆலை செத்தது ஒரு காரணத்தால், ஊர் காலியானது வேறு காரணத்தால். பலர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதுதான் குழப்பம். 1883-க்குப் பிறகு மாவு இல்லை, ஆனால் வீடுகள் இருந்தன. துறைமுகத்திலும் ரயிலிலும் வேலை இருந்தது, வாடகை குறைவு. குடும்பங்கள் தங்கின. 1917-இல் கடல்விமானத் தளம் வந்தது, இங்கிலீஷ் கால்வாயில் நீர்மூழ்கி தேட ஷார்ட் 184 வகை விமானங்கள். போர் முடிந்ததும் அது போனது. 1920-களில் ஊனமுற்ற சிறுவர்களுக்கான செய்லி ஹெரிட்டேஜ் கடலோர மருத்துவமனை வந்தது, கடற்காற்றும் வெயிலும் மருந்து என்று நம்பிய காலம். ஆலை இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த ஊர் பிழைத்திருக்கிறது.

1936-இல் வந்த அறிவிப்பு அன்றைய பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பழைய வீடுகளுக்கு வந்த அதே வகை. ஈரச் சுவர், சாக்கடை இல்லை, வசதி இல்லை. 1939-இல் வெளியேற்றம். பிறகு போர்க்காலத்தில், கரையேறும் எதிரிக்கு மறைவாகிவிடக்கூடாது என்று சுவர்களை இடித்தார்கள், தெருச்சண்டைப் பயிற்சியும் அங்கே நடந்தது. போர் ஊரைக் காலி செய்யவில்லை, காலியான ஊரை இடித்தது. நீங்கள் படத்தில் பார்க்கும் இடுப்பளவுச் சுவர்கள் காலத்தால் விழுந்தவை இல்லை.


கல்கொத்தி

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. களத்தில் பிரித்தறிய:

சுவரில் உருண்டைச் சிக்கிமுக்கிக் கல்லும் மூலையில் செங்கல்லும் இருந்தால் அது ஆலைக்கால வீடு. சசெக்ஸ் சுண்ணப்பாறைப் பகுதியில் நல்ல கட்டடக்கல் கிடையாது, சிக்கிமுக்கிதான் கிடைக்கும். அதில் நேர்மூலை எடுக்க முடியாது, அதனால்தான் ஓரங்களில் செங்கல். சாந்தைப் பாருங்கள். வெண்மையாக, நடுநடுவே சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் பழையது. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமெண்டு, பிற்கால ஒட்டு. விரலால் தொட்டுப் பார்த்தால் போதும், சுரண்ட வேண்டாம்.

தரையில் பரந்த கான்கிரீட் பலகை என்றால் ஆலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1917 விமானத் தளம் அல்லது மருத்துவமனை. கடலை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் இவைதான். ரயில்பாதை ஓரம் நீளமாக, குறுகலாகக் கிடப்பது பழைய நிலையத்தின் நடைமேடை.

ஆலை இருந்த இடம் ஓடைக்குக் குறுக்கே. அங்கே கட்டடத்தைத் தேடாதீர்கள், 1901-இல் இறக்கியாயிற்று. தேட வேண்டியது நீர் புகுந்த செங்கல் வளைவுகளை. இன்றும் ஓதம் அதன் வழியே ஏறி இறங்குகிறது. கடல் இறங்கத் தொடங்கி மூன்று மணி நேரம் கழித்துப் போனால் வளைவின் அடி வரை தெரியும். உச்ச ஓதத்தில் போனால் வெறும் குட்டைதான். 2006-இலிருந்து தன்னார்வலர்கள் அகழ்ந்து பல வீடுகளின் தரையை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள், அறை அளவு அதில் தெளிவாகத் தெரியும்.

கூழாங்கல் நடுவே வெளிர் மஞ்சள் அல்லது சாம்பல் நிறத்தில், பஞ்சுபோல் துளை துளையாக, ஆனால் கத்தி இறங்காத கடினத்தில் ஒரு துண்டு கண்ணில் பட்டால் அது சிக்கிமுக்கி இல்லை. சிக்கிமுக்கி உடைந்த முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, கறுத்து இருக்கும். துளை உள்ள துண்டின் ஒரு முகம் தட்டையாக, அதில் இணைகோடுகள் தெரிந்தால் பிரான்ஸ் ஆலைக்கல்லின் துண்டு. பின்பக்கம் வெள்ளைச் சாந்து ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள், கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.


மதகடி

மூன்று கேள்விக்கும் விடை வந்துவிட்டது. இதே வகை ஆலை ஓடும் நிலையில் எங்காவது இருக்கிறதா?


ஓதநீர்

ஹாம்ப்ஷயரில் ஈலிங், சஃபோக்கில் உட்பிரிட்ஜ். இரண்டிலும் சக்கரம் சுற்றும், மாவும் அரைப்பார்கள். லண்டன் கிழக்கே ப்ரோம்லி-பை-போவில் 1776-இல் கட்டிய ஹவுஸ் மில் பெரியது, 12 ஜோடிக் கல். டைட் மில்ஸின் அளவை மனத்தில் வாங்க அதைத்தான் பார்க்க வேண்டும். ஈலிங், உட்பிரிட்ஜ் போவதென்றால் முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள். ஆலை திறந்திருக்கும் நேரம் வேறு, சக்கரம் சுற்றும் நேரம் வேறு.